புனேக்கு லீவு கேட்கப் போனேன்

சனிக்கிழமை காலை கோவை ஜங்ஷனில் பம்பாய் ரயிலில் ஏறும்போதே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருந்தது. கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கிய டிக்கெட். என் படுக்கையில் ஒரு சேலத்துக் குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கச் சொன்னால், "சாப்பிட்டு முடிச்சதும் எந்திரிக்கிறோம்மா" என்றார்கள். சேலம் வரைக்கும் சாப்பிட்டார்கள்.

ஆனால் என் கோபம் அவர்கள் மேல் இல்லை. நான் புனேக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் அண்ணன் மகன் கார்த்திக்கு லீவு கேட்டு வாங்கிக் கையோடு கூட்டி வருவதற்காகப் போனேன்.

கார்த்தி மார்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரன். காலேஜில் படிக்கும்போது ஒரு சிநேகிதனோடு இலவச இங்கிலீஷ் வகுப்புக்குப் போக ஆரம்பித்தான். கடைசி வருஷம் முடிவதற்குள் ஞானஸ்நானம் எடுத்துவிட்டான். பிறகு ஒரு வருஷம் மில் ஆபீசில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதையும் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் ஊழியம் செய்யக் கிளம்பினான். அன்றைக்கு என் அண்ணன் சுந்தரம் வாசலில் நின்று, "இனிமே எங்கேயும் என் பேரைச் சொல்லாதே" என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சொன்னது சரியென்று எனக்குப் படவில்லை. கார்த்தி செய்தது சரியென்றும் படவில்லை.

இப்போது அவன் தங்கை ரேவதிக்குக் கல்யாணம். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். கார்த்தியின் இரண்டு வருஷம் முடிவதோ அதற்கு அடுத்த மாசம். எங்கள் வீட்டு வழக்கப்படி தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் உடன்பிறந்தவன் பொரியை அள்ளி அவள் கையில் போட வேண்டும். அவள் அதை அக்கினியில் விடுவாள். ரேவதிக்கு ஒரே ஒரு அண்ணன். அவன் இருக்கும்போது வேறு யாரோ போட்டால் அது என்ன கல்யாணம்?

"லீவு தர மாட்டேங்கறாங்களாம்" என்று அண்ணன் சொன்னார். அதைக் கேட்டதும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டவள். ஊரில் இருக்கிற பிள்ளைகளையெல்லாம் பெற்றவர்களோடு பேச வைத்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் வருஷத்துக்கு இரண்டே முறைதான் வீட்டுக்குப் போன் பேசலாமாம், அதுவும் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். ஜெயிலில் இருப்பவனைக்கூட வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். இந்த நியாயத்தை ஆயிரத்து நானூறு கிலோமீட்டரும் எதிரில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே போனேன். சோலாப்பூரில் ஏறிய ஒரு மிலிட்டரிக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, எங்களுக்கும் அப்படித்தான் அம்மா என்று இந்தியில் சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஞாயிறு பிற்பகல் புனே. ஸ்டேஷனிலிருந்து ஔந்துக்கு ஆட்டோவில் போனேன். இந்த ஊர் ஆட்டோவில் மீட்டர் ஒன்று காட்டும், டிரைவர் வேறொன்று கேட்பார். மீட்டரில் பத்து ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஓடியிருந்தது. அவர் கேட்டது எழுபத்தைந்து. நான் இறங்கி நின்று சண்டைக்குத் தயாரானதும் சட்டைப் பையிலிருந்து அச்சடித்த அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். மீட்டரில் இவ்வளவு என்றால் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தது. மீட்டரையே திருத்தி வைத்தால் ஆகாதா என்று கேட்டேன். அதற்கு அவரிடம் அட்டை இல்லை.

ஔந்தில் என் பழைய தோழியின் மகள் பிரபா இருக்கிறாள். அவள் கணவன் முரளிக்கு ஹிஞ்சவடியில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. பிரபாவும் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூன்றாம் மாடியில் சின்ன ஃபிளாட். "ஆன்ட்டி, காலையில நாங்க ரெண்டு பேரும் போயிருவோம். உங்க வீடு மாதிரி இருங்க" என்றாள் பிரபா. அவள் தமிழில் பாதி இந்தி. பால் வாங்கப் போகிறவள் "தூத் லேகே வர்றேன்" என்கிறாள்.

திங்கட்கிழமை ஊழியக்காரர்களுக்குத் துணி துவைக்கவும் மளிகை வாங்கவும் விட்ட நாள். அன்று பதினோரு மணிக்கு வருகிறேன் என்று கார்த்தி முரளியிடம் சொல்லி வைத்திருந்தான். விடிந்ததும் எழுந்து அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன். கத்தரிக்காய் வறுத்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன நெய்யை உருக்கி வைத்தேன். சபைச் சட்டப்படி காபி, டீ குடிக்க மாட்டான் என்பது தெரியும். அதனால் மோர் கரைத்தேன்.

சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கார்த்தி. வெள்ளைச் சட்டை, டை, இளைத்த முகம். பின்னால் அதே உடுப்பில் இன்னொரு பையன். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"அத்தை, வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"நான் இருக்கறேன். பத்தாதா?"

"முரளியண்ணா இல்லீங்களா?"

"ஆபீஸ் போயிட்டாரு. உள்ள வா சாமி, சாதம் ஆறுது."

அவன் கூட வந்தவனைப் பார்த்தான். கூட வந்தவன் தரையைப் பார்த்தான். "பொம்பளைங்க மட்டும் இருக்கற வீட்டுக்குள்ள நாங்க வரக்கூடாதுங்க அத்தை. இன்னொரு ஆம்பளை, பெரியவங்க யாராச்சும் கூட இருக்கணும்" என்றான் கார்த்தி.

"நான் பொம்பளையாடா? உன் அப்பனோட கூடப் பொறந்தவ. உன்னைக் காலுல போட்டுக் குளிப்பாட்டுனவ."

"தெரியுதுங்க அத்தை. அத்தைக்கு ஒரு சட்டம், அடுத்தவங்களுக்கு ஒரு சட்டம்னு வெச்சுக்கிட்டா அது சட்டமே இல்லீங்களே."

கூட வந்தவன் பெயர் வரப்பிரசாத். ராஜமுந்திரிக்காரன். இவர்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். ஒருவன் இன்னொருவன் கண்ணில் படாமல் போகக்கூடாது. குளிக்கப் போவதைத் தவிர இரண்டு வருஷமாகத் தனியாக எங்கேயும் போனதில்லையாம். வரப்பிரசாத் என்னைப் பார்த்து, "சாரி அம்மா. வாசன பாகுந்தி" என்றான், வாசனை நன்றாக இருக்கிறதாம். அந்தப் பையன் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பசி.

சரி, நான் உள்ளே, அவர்கள் வெளியே என்று நிற்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? குக்கரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தேன். மூன்று பேரும் படியில் உட்கார்ந்தோம். அவர்கள் கண்ணை மூடி ஜெபம் செய்யும்வரை காத்திருந்து தட்டில் போட்டேன். கார்த்தி முதல் வாய் எடுத்து வைத்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நானும் வேறு பக்கம் திரும்பி நெய்யை ஊற்றினேன்.

அப்போதுதான் அவன் சட்டைப் பையில் குத்தியிருந்த கறுப்புப் பெயர்ப் பட்டையைப் படித்தேன். இங்கிலீஷில் 'எல்டர் சுந்தரம்' என்று இருந்தது.

"இது என்னடா, உங்கப்பன் பேரு?"

"எங்கள எல்லாம் கடைசிப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க அத்தை. நமக்குக் குடும்பப் பேரு ஏது? அப்பா பேருதானே."

எல்டர் என்றால் மூத்தவராம். இருபத்துமூன்று வயதுப் பையனை மூத்தவர் என்பதும், அவனைப் பார்த்து ஊரெல்லாம் என் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "சுந்தரம், இன்னும் ரெண்டு கத்தரிக்காய் போட்டுக்கறயா?" என்று கேலி செய்தேன். அவன் சிரித்தான்.

இரண்டாவது தடவை சாதம் போடும்போது கீழேயிருந்து அந்தக் குடியிருப்பின் சொசைட்டி செக்ரட்டரி ஏறி வந்தார். வேட்டையாட வந்தவர் போல வந்தார். பின்னால் வாட்ச்மேன். சேல்ஸ்மேன்கள் உள்ளே வரக்கூடாது என்று போர்டு இருக்கிறது, படிக்கத் தெரியாதா என்று இந்தியில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பட்டையைப் பார்த்துவிட்டு, "மதம் மாத்தறதுக்கு எத்தனை டாலர் குடுக்கறாங்க?" என்றார். கார்த்தி தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று, "சம்பளம் இல்லை சார். யார் வீட்டுக்கும் கூப்பிடாமல் போக மாட்டோம். இவர் என் அத்தை" என்று மெல்லச் சொன்னான். செக்ரட்டரி தட்டைக் காட்டி, இது என்ன தர்மசாலையா என்றார்.

அதுவரை நான் சபையோடு சண்டை போட வந்தவள். அந்த இடத்தில் கட்சி மாறிவிட்டேன். டிரங்க் கால் போட்ட இந்தி என் இந்தி. பம்பாய், நாக்பூர், டெல்லி எல்லா ஊர்க்காரனையும் அதில் அதட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளை என் கையால் சாப்பிடுகிறான், சாப்பிடுகிறவனை எழுப்புவது உங்கள் மராட்டி வழக்கமா, இல்லை உங்கள் வீட்டு வழக்கம் மட்டுமா என்று கேட்டேன். மாடியில் இரண்டு கதவுகள் திறந்தன. ஒரு மராட்டி அம்மாள் வெளியே வந்து செக்ரட்டரியிடம் ஏதோ சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"இதெல்லாம் தினமும் நடக்குதா?" என்று கேட்டேன்.

"தினமும்னு சொல்ல முடியாதுங்க அத்தை. ஞாயித்துக்கிழமை கம்மி."

அன்று சாயங்காலம் அவர்களோடு கசார்வாடிக்குப் போனேன். சிக்ஸ் சீட்டர் என்று இந்த ஊரில் சொல்லும் பெரிய ஆட்டோ. பெயர்தான் சிக்ஸ், உள்ளே பத்துப் பேர். தலைக்கு ஏழு ரூபாய். பழைய பம்பாய் ரோட்டை ஒட்டி லேத்துப் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. வாய்க்குள் இரும்புத் தூள் ருசி. கார்த்தி குடியிருக்கும் அறை ஒரு பட்டறைக்கு மேலே. அதற்குள்ளும் நான் போகக்கூடாது. வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு பாய், இரண்டு மேசை, இஸ்திரிப் பெட்டி. காலை ஆறரைக்கு எழுந்து, படித்து, பத்து மணிக்குள் தெருவில் இறங்கி, ராத்திரி ஒன்பது வரை நடக்கிறார்கள். செருப்புத் தைக்கிற கடையைப் போல மூன்று ஜோடி பழைய ஷூ வாசலில் கிடந்தது. எல்லாம் குதிகால் தேய்ந்தவை.

அவர்கள் சபையைச் சேர்ந்த ஒரு ஃபிட்டர் வீட்டு முன்னறையில் பட்டறைப் பையன்கள் எட்டுப் பேருக்கு இங்கிலீஷ் வகுப்பு. அந்த வீட்டில் ஆண்கள் இருந்ததால் எனக்கும் நாற்காலி கிடைத்தது. 'சுந்தரம் சார், சுந்தரம் சார்' என்று ஆளாளுக்குச் சந்தேகம் கேட்டார்கள். அண்ணன் சொந்த ஊரில் நாற்பது வருஷம் கடை வைத்தும் இவ்வளவு பேர் அவரை சார் போட்டுக் கூப்பிட்டதில்லை.

வகுப்பு முடிந்ததும், "உங்க தலைவர் போன் நம்பரைக் குடு. நான் லீவு கேக்கறேன்" என்றேன்.

கார்த்தி கரும்பலகையை அழித்துக்கொண்டே, "நாளைக்குப் பேசலாங்க அத்தை" என்றான். அவன் குரல் எதையோ மறைக்கிறது என்று பட்டது. முப்பது வருஷம் குரலை மட்டுமே கேட்டுப் பழகியவளிடம் அது செல்லாது. ஆனாலும் விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி பிரபா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் விஷயம் வெளியே வந்தது. முரளி சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே, "ஆன்ட்டி, கார்த்தி விஷயம் எனக்கு ஒரு மாதிரி சங்கடமா இருக்கு. உங்க அண்ணன் போன வாரம் போன் பண்ணினார். கார்த்தி எங்க கம்பெனியில வேலை பார்க்கறதா சம்பந்தி வீட்ல சொல்லியிருக்காராம். அவங்க விசாரிச்சா ஆமான்னு சொல்லச் சொன்னார். நான் எப்படி ஆன்ட்டி சொல்றது?" என்றான்.

நான் சப்பாத்தியைத் தட்டில் வைத்தேன். மூன்று நாளாக நான் யார் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, அவர்கள் தெருவில் இறங்குவதற்கு முன்பே கசார்வாடியில் போய் நின்றேன். டீக்கடை பெஞ்சில் கார்த்தியை உட்கார வைத்தேன். வரப்பிரசாத் இன்னொரு பெஞ்சில், கண் படும் தூரத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அந்தப் பையனுக்கு அவ்வளவு இங்கிதம்.

"உனக்கு லீவு கிடைக்கலையா?"

அவன் ஷூவைப் பார்த்தான். "கிடைச்சுதுங்க அத்தை. தலைவர் அப்பவே சொல்லிட்டாரு, தங்கச்சி கல்யாணம், நாலு வாரம் முன்னாடியே முடிச்சுக்கிட்டுப் போ, உன் ஊழியம் முழுசாத்தான் கணக்குன்னு. அனுமதி வாங்கி அப்பாவுக்குப் போன் போட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"கழுத்துல கம்பெனி கார்டு மாட்டிக்கிட்டு வான்னாரு. ஒருத்தன்கிட்டயும் இதைப் பத்திப் பேசக்கூடாது. கேக்கறவங்ககிட்ட சாப்ட்வேர்னு சொல்லணும். முடியாதுன்னா வராதேன்னுட்டாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "ரேவதிக்குப் பொரி போடணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத் தெரியும். அங்க நின்னு, கேக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்த ரெண்டு வருஷத்தை இல்லைன்னு சொல்ல என்னால முடியாதுங்க" என்றான்.

"உங்கப்பன் பேரு உனக்கு எதுக்குடா அப்புறம்? கழட்டித் தூக்கிப் போடு" என்றேன்.

"தமிழ்ப் பசங்க சில பேரு சொந்தப் பேரையே போட்டுக்கறாங்க. நான்தான் அப்பா பேரு வேணும்னு கேட்டு வாங்கினேன்" என்றான் அவன்.

எதிரிலேயே எஸ்.டி.டி. பூத். அண்ணன் கடைக்குப் போட்டேன்.

"அண்ணா, பையனுக்கு லீவு கிடைச்சிருக்குன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

அந்தப் பக்கம் தராசுத் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒரே ஒரு நாளு, ஜெயா. ஒரு நாளு வாய்ல சொல்றதுக்கு அவனுக்கென்ன கேடு? அவங்க கேட்டா நான் என்ன சொல்றது? பொண்ணு கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

"நிக்காது. இருக்கறதைச் சொல்லுங்க."

"என்ற மானம் போயிரும். நீ சொல்லிப் பாரு அவனுக்கு."

"சொல்ல மாட்டேன். இந்த டிரங்க் காலை நான் கனெக்ட் பண்ண மாட்டேன்" என்று வைத்துவிட்டேன். வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

புதன்கிழமை மத்தியானம் புனே ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் வழியனுப்ப வந்தார்கள். கார்த்தி என் பெட்டியைப் படுக்கைக்கு அடியில் தள்ளி வைத்தான். அவனுக்கு என்று கொண்டுபோன கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தேன். மஞ்சள் தடவிய மூலையைத் தொட்டுப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "பொரியை நிறைய அள்ளிப் போடச் சொல்லுங்க அத்தை. ரேவதி கை சின்னது, சிந்தினாலும் பரவால்ல" என்றான். ரயில் நகர்ந்ததும் இரண்டு வெள்ளைச் சட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையாட்டின. அப்போதும் ஒருவன் இன்னொருவனை விட்டு நகரவில்லை. வீட்டில் நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், எங்களில் யார் அவன் பக்கத்தில் அப்படி நின்றோம் என்று ஊர் வரும் வரைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டி முடிந்தது. ஐயர் பொரித் தட்டை எடுத்து, "பெண்ணுக்கு அண்ணா தம்பி வாங்கோ" என்றார். எங்கள் பெரியப்பா பேரன் ஒருவனைப் பிடித்து மேடையேற்றினார்கள். சம்பந்தி நல்ல மனிதர், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். அவர் அண்ணன் பக்கம் குனிந்து, "மச்சானுக்கு லீவு கிடைக்கலீங்களா?" என்று கேட்டார்.

"புனே கம்பெனிக்காரன் ஒரு நாளு கூட விட மாட்டேன்னுட்டானுங்க" என்றார் அண்ணன்.

நான் அவர்கள் பின்னால்தான் நின்றேன். "லீவு குடுத்தாங்க சம்பந்தி. நாங்கதான் குடுக்கல" என்றேன். மேளக்காரர் அந்த நேரம் பார்த்து நிறுத்தியிருந்தார். நாலு பேர் திரும்பினார்கள். "அவன் கம்பெனியில இல்லீங்க. மார்மன் சபையில ஊழியம் பண்றான். எங்கண்ணன் பேரைச் சட்டையில குத்திக்கிட்டு, வெயில்ல தெருத்தெருவா நடக்கறான்."

சம்பந்தி என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு, "பையன் வந்ததும் தோப்புக்குக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மணமக்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். ரேவதி கையில் பொரி வைத்துக்கொண்டு அழுதாள். பெரியப்பா பேரன் கொஞ்சமாகத்தான் போட்டிருந்தான்.

அண்ணன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பேச மாட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் பேசுவதாக இல்லை. சாயங்காலம் பந்தி எல்லாம் முடிந்து, பந்தல்காரர்கள் நாற்காலியை அடுக்கும்போது வந்து என் பக்கத்தில் நின்றார். நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நெசமாலுமே என்ற பேரையா குத்தியிருக்கான்?"

"ஆமாங்ணா. கேட்டு வாங்கிக் குத்தியிருக்கான்."